60-ல் எழுந்த முனகல்: பழைய சொகுசு கார் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

60 கிலோமீட்டர் வேகத்தில் முனகும் சத்தத்தோடு, தண்டையார்பேட்டையில் எங்கள் பட்டறைக்கு 2025 பிப்ரவரியில் வந்த ஒரு காரைப் பற்றிய பதிவு இது. அதற்கு முன் இரண்டு இடங்களில் பார்த்திருந்தார்கள். கையில் பணம் செலவாகியிருந்தது, சத்தம் போகவில்லை. எங்களிடமும் சரியாக மூன்று வாரம் ஆனது. அதில் சில நாட்கள் எங்கள் தவறால் போனவை. வேகத்தோடு கூடிக் குறையும் சத்தத்தை வைத்துக்கொண்டு தவிக்கும் மற்ற மெக்கானிக்குகளுக்கும் வண்டிக்காரர்களுக்கும் பயன்படட்டும் என்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வண்டி எந்த நிறுவனத்தினுடையது, உரிமையாளர் யார் என்பது இங்கே தேவையில்லை.

வண்டியும் வீடும்

1990-களின் பிற்பகுதியில் வந்த ஜெர்மன் செடான். பெட்ரோல் இன்ஜின், ஐந்து கியர், பின்சக்கரங்களுக்குத்தான் இழுவை. கியர்பாக்ஸிலிருந்து, சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரென்ஷியல் வரை இரண்டு துண்டாக ஒரு புரொபெல்லர் ஷாஃப்ட் (சுழலும் நீளத் தண்டு) போகும். இரண்டு முனைகளிலும் ரப்பர் கப்ளிங். நடுவில் ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்க, ரப்பர் வளையத்துக்குள் உட்கார்ந்த ஒரு சென்டர் பேரிங்.

உரிமையாளர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீடு வியாசர்பாடியில். 2009-ல் பழைய வண்டியாக வாங்கி, அன்றிலிருந்து ஒரே கையில் ஓடியிருக்கிறது. தினமும் எடுப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில், மாதம் ஒருமுறை பொன்னேரியில் மகள் வீடு, அவ்வளவுதான்.

2023 டிசம்பர் 4-ந்தேதி மிக்ஜாம் புயல் மழையில் அவர் தெருவில் தண்ணீர் நின்றது. வண்டியைக் கிளப்பவே இல்லை. அது நல்ல முடிவு. ஆனால் கதவின் அடிவிளிம்பு வரை ஒன்றரை நாள் தண்ணீரில் நின்றது. தண்ணீர் வடிந்ததும் பக்கத்துப் பட்டறை ஒன்றில் இன்ஜின் ஆயில், கியர் ஆயில், பின்னால் டிஃப்ரென்ஷியல் ஆயில் மூன்றையும் மாற்றி, பிரேக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, கார்ப்பெட்டைக் காயவைத்துக் கொடுத்தார்கள். அந்தச் சூழலில் யாராயிருந்தாலும் செய்வது அதைத்தான். நானும் அதையே செய்திருப்பேன்.

2024 ஜூன் வாக்கில் சத்தம் தொடங்கியிருக்கிறது. முதலில் லேசாக, பிறகு மாதத்துக்கு மாதம் கூடுதலாக. ஒரு பட்டறையில் பின்சக்கர ஹப் பேரிங் இரண்டையும் மாற்றினார்கள், 18,000 ரூபாய். சத்தம் அப்படியே இருந்தது. இன்னொரு இடத்தில் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, ‘கிரவுன் பினியன் போச்சு, ஹவுசிங்கோட வேற போடணும், 65,000 ஆகும்’ என்றார்கள். கிரவுன் பினியன் என்பது டிஃப்ரென்ஷியலுக்குள் இருக்கும் பெரிய, சின்னப் பல்சக்கர ஜோடி. அந்தத் தொகையைக் கேட்டுத்தான் அவர் எங்களிடம் வந்தார்.

முதல் நாள் கேட்டதும் கேட்காததும்

வந்தவரிடம் வழக்கமான கேள்விகள் கேட்டேன். எந்த வேகத்தில் வருகிறது, குளிரில் அதிகமா சூட்டில் அதிகமா, பாரம் ஏற்றினால் மாறுகிறதா. அவர் பொறுமையாகச் சொன்னார். 45-ல் ஆரம்பிக்கும், 60, 65-ல் உரக்கும், 90-க்கு மேல் காற்றுச் சத்தத்தோடு கலந்துவிடும். ‘பின்னாலிருந்துதான் வருது சார்’ என்பதில் உறுதியாக இருந்தார்.

அவருடைய மனைவியும் கூட வந்திருந்தார். நிழலில் நின்றிருந்த அவர் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: ‘தம்பி, பின்னால இல்லப்பா, நான் உக்கார்ற இடத்துல என் காலுக்கு அடியில குறுகுறுங்குது.’ அவர் பின்சீட்டில் நடுப்பக்கம் ஒட்டி உட்காருவார், கால் தரை நடுவில் மேடாக இருக்கும் திண்டின் மேல் படும். நான் தலையை ஆட்டினேன், நோட்டில் எழுதவில்லை. இந்த வேலையில் என் முதல் தவறு அது. மூன்று பட்டறையில் அவருக்கு மட்டும்தான் சரியான இடம் தெரிந்திருந்தது.

ஓட்டிப் பார்த்தது

வடசென்னையில் ஒரு வண்டியை ஒரே வேகத்தில் இரண்டு நிமிடம் ஓட்டுவதே கஷ்டம். எண்ணூர் விரைவுச்சாலையில் கண்டெய்னர் டிரெய்லர் வரிசைக்கு நடுவில் அறுபதைப் பிடித்து வைக்க முடியாது. பிடித்தாலும் டிரெய்லர் இரைச்சலில் நம் வண்டிச் சத்தம் கேட்காது. அதனால் ஞாயிறு காலை ஐந்தரைக்கு, வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் மீஞ்சூர் பக்கம் போனோம். நான் ஓட்ட, பட்டறைப் பையன் பக்கத்தில் நோட்டோடு. ஏசி, ரேடியோ நிறுத்தம், கண்ணாடி ஏற்றம். வேகத்தை ஃபோனின் ஜிபிஎஸ்ஸில் பார்த்தோம். அந்த வண்டியின் மீட்டர் 65 காட்டும்போது உண்மையில் 60 தான்.

நின்ற இடத்தில் இன்ஜினை 3,000 சுற்று வரை ஏற்றினோம். சத்தம் இல்லை. 60-ல் மூன்றாம் கியர், அப்புறம் நான்காம் கியர். இன்ஜின் வேகம் மாறுகிறது, முனகலின் சுதி மாறவில்லை. 70-க்குப் போய் கிளட்சை மிதித்து நியூட்ரலில் விட்டோம். முனகல் அப்படியே தொடர்ந்து, வண்டி மெதுவாக ஆக ஆகச் சுதி இறங்கியது. (இன்ஜினை அணைத்துவிட்டு இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. பிரேக் பூஸ்டரும் ஸ்டியரிங் பவரும் போய்விடும். நியூட்ரல் போதும்.) இந்த மூன்றிலேயே இன்ஜினும் கிளட்சும் கியர்பாக்ஸின் முன்பாதியும் சந்தேகத்திலிருந்து வெளியே போய்விட்டன.

அடுத்து, 60-ல் ஆக்சிலரேட்டரை அழுத்தியும் விட்டும் பார்த்தோம். கிரவுன் பினியன் தேய்ந்திருந்தால் இழுக்கும்போது ஒரு சத்தம், விடும்போது வேறு சத்தம் வரும். சில வண்டிகளில் விட்ட நொடியில் ஊளையே நின்றுவிடும். இங்கே பெரிய மாற்றம் இல்லை. காலியான ரோட்டில் வலதும் இடதுமாக மெல்ல வளைத்து ஓட்டினோம். ஹப் பேரிங் என்றால் எடை ஒரு பக்கம் சாயும்போது சத்தம் ஏறி இறங்கும். அதுவும் இல்லை. தார் ரோட்டிலிருந்து பாலத்துக் கான்கிரீட்டுக்கு ஏறியபோதும் மாறவில்லை. டயர் சத்தம் என்றால் மாறியிருக்கும்.

இவ்வளவும் தெளிவாக இருந்தும், பட்டறைக்குத் திரும்பியதும் டயரில் மாட்டிக்கொண்டேன்.

டயரில் போன நாள்

பின் டயர் இரண்டிலும் தரையில் படும் ரப்பர் கட்டைகள் ரம்பப் பல் போலச் சாய்ந்து தேய்ந்திருந்தன. கையை ஒரு திசையில் ஓட்டினால் வழுக்கும், எதிர்த் திசையில் உரசும். இப்படித் தேய்ந்த டயர் வேகத்தோடு ஏறும் இரைச்சலைக் கொடுக்கும், அது உண்மை. கண்ணுக்குத் தெரிந்த ஒரு கோளாறு கையில் கிடைத்துவிட்டதால், ரோட்டில் எழுதிய குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு முன் டயரையும் பின் டயரையும் மாற்றிப் போட்டோம்.

மறுநாள் ஓட்டியபோது முன்பக்கம் மெல்லிய புது இரைச்சல் ஒன்று வந்தது. முனகல் ‘கொஞ்சம் குறைஞ்ச மாதிரி’ இருந்தது. நானும் சொன்னேன், பையனும் சொன்னான். உண்மையில் குறையவில்லை. குறைய வேண்டும் என்று நாங்கள் நினைத்தோம். இது தெரிந்தது எப்படி என்றால், பையன் முதல் ஓட்டத்திலேயே ஃபோனில் சத்தத்தைப் பதிவு செய்திருந்தான். இரண்டு பதிவையும், சத்தத்தின் அதிர்வெண்களைக் கோடாகக் காட்டும் ஒரு செயலியில் போட்டுப் பார்த்தோம். அதே இடத்தில் அதே உயரத்தில் கோடு முள் போலக் கூராக எழும்பி நின்றது.

60 கிலோமீட்டரில் அந்த முள் 130-க்கும் 135-க்கும் இடையே, ஏறக்குறைய 134 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 134 அதிர்வு. 45-ல் 100. வேகத்தோடு சரிவிகிதமாக நகர்ந்தது. காதை நம்பி வேலை செய்து பழகிய எனக்கு அந்தக் கோடு ஒரு பெரிய நிம்மதி. மனசுக்கு ஏற்றபடி அது மாறாது.

தரையில் சாக்பீஸ் கணக்கு

சுற்றும் பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் சுற்றுவதில்லை. சக்கரம் ஒரு வேகம், ஷாஃப்ட் அதைவிட மூன்று மடங்குக்கு மேல். அதனால் சத்தம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று கணக்குப் போட்டால் பாதிப் பேரை வெளியே அனுப்பிவிடலாம்.

டயர் 195/65 ஆர் 15. தரையில் சாக்பீஸால் குறித்து, வண்டியை ஒரு சுற்று தள்ளி அளந்தோம், 1.97 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் நொடிக்கு 16.7 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு எட்டரைச் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவு.

டிஃப்ரென்ஷியல் ஹவுசிங்கில் 3.46 என்று குத்தியிருந்தது. இருந்தாலும் சரிபார்த்தோம். பின்பக்கத்தைத் தூக்கி, ஒரு சக்கரத்தை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மறு சக்கரத்தைக் கையால் 20 சுற்று சுற்றினோம். ஒரு பக்கம் நிற்கும்போது மறுபக்கத்தின் 20 சுற்று, இரண்டும் சேர்ந்து 10 சுற்று சுற்றியதற்குச் சமம். ஷாஃப்ட் 34 சுற்றும் இன்னொரு பாதிச் சுற்றும் சுற்றியது. சரி, 3.46 தான். 60-ல் ஷாஃப்ட் நொடிக்கு 29 சுற்று.

இப்போது 134-ஐ வைத்துப் பார்த்தால்: இந்த வண்டியில் கிரவுனுக்கு 45 பல், பினியனுக்கு 13 பல். பல் கடிக்கும் சத்தம் என்றால் 29-ஐ 13-ஆல் பெருக்கி 380 ஹெர்ட்ஸ் பக்கம் வரவேண்டும். அது முனகலாக இருக்காது, கூவலாக இருக்கும். ஷாஃப்ட் எடைச்சமன் கெட்டிருந்தால் 29-ல் அதிர்வாக வரும். யூ.ஜே. கிராஸ் (ஷாஃப்ட் மடங்கும் மூட்டின் சிலுவைத் துண்டு) தேய்ந்திருந்தால் பெரும்பாலும் அதன் இரட்டிப்பில், 58-ல் தெரியும். நமக்குக் கிடைத்தது ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்றும்போது நாலரைக்குச் சற்று மேல். பல்லும் கிராஸும் முழு எண்ணில் பேசும். இப்படிப் பின்னத்தில் பேசுவது பொதுவாக உருண்டை பேரிங்தான், ஏனென்றால் உள்ளே உருண்டைகள் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றாமல் பின்தங்கிச் சுற்றுகின்றன.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தக் கணக்கு மட்டுமே ஹப் பேரிங்கை விடுவிக்காது. அதிலும் உருளைகள் உண்டு, அதற்கும் ஒரு பின்னம் உண்டு. ஆனால் ஹப் பேரிங் புதியது, வளைத்து ஓட்டியபோதும் மாறவில்லை. ஆக ஷாஃப்ட் வேகத்தில் சுற்றும் பேரிங்குகள்தான் மிச்சம்: கியர்பாக்ஸ் வால்பக்கம், நடுவில் சென்டர் பேரிங், டிஃப்ரென்ஷியல் மூக்கில் பினியன் பேரிங். மூன்றும் ஒரே வேகம். கணக்கு இங்கே நின்றுவிடுகிறது.

மைக் கட்டிய ஓட்டம்

நீளமான ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைத்துக் கேட்பது எங்கள் தொழிலின் பழைய வழி. ஆனால் பின்சக்கரம் சுற்றிக்கொண்டிருக்கும் வண்டிக்கு அடியில் பள்ளத்தில் ஆள் நிற்கக் கூடாது. எந்த அவசரத்திலும் கூடாது. பையன் ஒரு வழி சொன்னான். வீடியோ எடுப்பவர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் வயரில்லாத காலர் மைக் அவன் நண்பனிடம் இருந்தது. அதைத் துணியில் சுற்றி, புகைக்குழாய்ச் சூடும் சுற்றும் ஷாஃப்டும் படாதபடி ஜிப் டையால் இறுக்கிக் கட்டி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு ஓட்டம் ஓட்டினோம். எல்லாம் 60-ல், அதே ரோட்டில். மைக்கில் ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் வசதியை முதலில் நிறுத்த வேண்டும். அதை விட்டுவிட்டால் மூன்று பதிவும் ஒரே அளவில் கேட்டு நம்மை ஏமாற்றும்.

டிஃப்ரென்ஷியல் மூக்கில் 380-ல் சின்ன முள் ஒன்று தெரிந்தது, அது நல்ல நிலையிலுள்ள பல்லிலும் இருக்கும். 134 அங்கே மங்கல். கியர்பாக்ஸ் வாலில் நடுத்தரம். சென்டர் பேரிங் தாங்கியில் அது டிஃப்ரென்ஷியலைவிட 14 டெசிபலும், கியர்பாக்ஸைவிட 9 டெசிபலும் கூடுதல்.

அப்போதுதான் அந்த அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. பின்சீட்டின் முன்னால் தரையில் இருக்கும் அந்தத் திண்டுக்கு நேர் அடியில் ஷாஃப்ட் ஓடுகிறது. சென்டர் பேரிங் தாங்கி தரைத் தகட்டில் போல்ட் அடிக்கப்பட்டிருக்கிறது. பேரிங்கின் நடுக்கம் தகட்டுக்குள் போய், பெட்டி போலிருக்கும் பின்பக்கத்தில் எதிரொலித்து, ஓட்டுபவர் காதுக்குப் பின்னாலிருந்து வருவதாகக் கேட்கிறது. கால் வைத்தவருக்கு மட்டும் நேராகத் தெரிந்திருக்கிறது.

எதை முதலில் பிரிப்பது

உரிமையாளருக்கு ஃபோன் செய்து இரண்டு வழியையும் சொன்னேன். டிஃப்ரென்ஷியலைத் திறந்து பினியன் பேரிங்கையும் பார்த்துவிடலாமா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தப் பினியனின் இறுக்கம் நசுங்கி அமரும் ஒரு ஸ்லீவால் பிடிக்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை அவிழ்த்தால் புது ஸ்லீவ் போட்டு, இழுவிசை பார்த்து மறுபடி அமைக்க வேண்டும். நல்ல கிரவுனை நாமே கெடுத்ததாகவும் ஆகலாம். ஆயிலை மட்டும் இறக்கிப் பார்த்தோம். காந்தத்தில் மெல்லிய சாம்பல் நிறப் பசை, துகளோ சிம்போ இல்லை. மூடிவிட்டுப் புது ஆயில் ஊற்றினோம். ஷாஃப்டை இறக்குவது ஒரு நாள் வேலை, எதுவும் கெடாமல் திரும்ப மாட்டக்கூடியது. அதனால் அதை முதலில் எடுத்தோம்.

சென்டர் பேரிங்கை முந்தைய இடங்களில் ஏன் விட்டார்கள் என்று இறக்கும்போது புரிந்தது. புகைக்குழாயை இறக்கி, அதன் மேலிருக்கும் வெப்பத் தகட்டைக் கழற்றினால்தான் கை போகும். டார்ச் அடித்துப் பார்த்தால் ரப்பர் வளையம் மட்டும் தெரியும். அந்த ரப்பர் கிழியாமல், வெடிக்காமல் நன்றாகவே இருந்தது. ‘சென்டர் பேரிங் பார்த்தியா’ என்றால் எங்கள் தொழிலில் பலரும் ரப்பரைப் பார்த்துவிட்டு ‘ஓகே’ என்கிறோம். ரப்பர் போனால் வண்டி கிளம்பும்போது ‘தட்’ என்று இடிக்கும். உள்ளே இருக்கும் பேரிங் போனால் ஓடும்போது முனகும். இரண்டும் வெவ்வேறு நோய்.

இன்னொன்றும் கவனித்தோம். ஷாஃப்ட் மாட்டியிருந்தபோது கையால் சுற்றினால் எதுவும் தெரியவில்லை. டிஃப்ரென்ஷியல் ஆயில், கியர் ஆயிலின் பிடிப்பு எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. இறக்கி வைத்து, பேரிங்கை இரண்டு விரலால் சுற்றியபோது மணல் போட்டு அரைத்தது போல் இருந்தது.

வெளிவளையத்தில் இருந்த தடம்

பேரிங் சாதாரண 30×55×13 அளவு. அதைக் கட்டரில் பிளந்தோம். கிரீஸ் டீத்தூள் நிறத்தில் இருந்தது. உருண்டைகள் 11. வெளிவளையத்தின் ஓடுபாதையில் அடிப்பக்கம் துருப்பிடித்த குழிகள், ஒன்றுக்கொன்று சம இடைவெளியில். உருண்டையை எடுத்து வைத்துப் பார்த்தால் அந்த இடைவெளி சரியாக உருண்டைகளின் இடைவெளி.

ஓடித் தேய்ந்த பேரிங்கில் இப்படி வராது. சுற்றாமல் நின்றபோது உள்ளே ஈரம் தங்கி, உருண்டை தொட்டுக்கொண்டிருந்த புள்ளிகளில் மட்டும் துரு ஏறியிருக்கிறது. 2023 டிசம்பரில் ஒன்றரை நாள் நின்ற தண்ணீர், அதற்குப் பிறகு வாரக்கணக்கில் எடுக்காமல் நின்ற வண்டி. அந்தக் குழிகள் ஓட ஓட விரிந்து, ஆறு மாதத்தில் காதுக்கு எட்டியிருக்கின்றன. 11 உருண்டைகள் உள்ள இந்த அளவு பேரிங்கில் வெளிவளையக் குழி ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு நாலரைக்கு மேல் தட்ட வேண்டும். கோட்டில் பார்த்த எண் அதுதான்.

பொருள் தேடியது

பேரிங் ஜி.பி. ரோட்டில் உடனே கிடைத்தது, 650 ரூபாய். ரப்பரோடு கூடிய தாங்கி கிடைக்கவில்லை. புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியது ஒன்று இருந்தது. ரப்பர் பாகத்தைப் பழையதாக வாங்குவதில் அர்த்தமில்லை என்று விட்டுவிட்டோம். டெல்லி கஷ்மீரி கேட்டிலிருந்து புதியது வர ஆறு நாள் ஆனது. முன் கப்ளிங்கில் போல்ட் துளையைச் சுற்றி வெடிப்பு இருந்ததால் அதையும் வரவழைத்தோம். பின் கப்ளிங்கில் வெடிப்பு இல்லை, அதைத் தொடவில்லை. உரிமையாளரின் பணம் அது. கையோடு கை என்று எல்லாவற்றையும் மாற்றுவதை நான் ஒத்துக்கொள்வதில்லை.

மாட்டியதும் எங்கள் இரண்டாவது தவறும்

ஷாஃப்டின் இரண்டு துண்டும் நடுவில் பல்வரிசையில் கோத்திருக்கும். பிரிக்கும் முன் எந்தப் பல் எந்தப் பல்லோடு என்று குறிக்க வேண்டும். குறித்தோம், பெயிண்டால். அப்புறம் ஷாஃப்டை மண்ணெண்ணெயில் கழுவச் சொன்னதும் நானே. குறி போய்விட்டது. பையன் மேல் தப்பில்லை.

யோக்குகளின் (மூட்டைப் பிடிக்கும் கவட்டைகளின்) கோணத்தை மட்டும் பார்த்துக் குத்துமதிப்பாகக் கோத்தோம். மற்றதை ஒழுங்காகச் செய்தோம். கப்ளிங்கில் போல்ட் தலையைப் பிடித்துக்கொண்டு நட்டை மட்டும் திருகினோம், இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். நட்டுகள் எல்லாம் புதிது. தாங்கியின் போல்ட்டை விரல் இறுக்கத்தில் விட்டு, வண்டியைச் சக்கரத்தில் இறக்கி, முன்னும் பின்னும் தள்ளி, ஷாஃப்ட் தன் நீளத்தைத் தானே எடுத்துக்கொண்ட பிறகு தாங்கியை இறுக்கி, கடைசியாக இரண்டு துண்டும் கோக்கும் இடத்தில் உள்ள ஸ்லைடிங் ஜாயின்ட் நட்டை இறுக்கினோம்.

வெளிவட்டச் சாலையில் 60-ல் அமைதி. 134-ல் இருந்த முள் காணாமல் போயிருந்தது. சந்தோஷத்தோடு 80 தாண்டியதும் சீட்டில் அதிர்வு. அது முன்பு இல்லை. கோட்டில் பார்த்தால் ஷாஃப்டின் ஒரு சுற்றுக்கு ஒரு தட்டு. அதாவது எடைச்சமன். பல்வரிசையில் பாதிச் சுற்று தவறிக் கோத்திருந்தோம்.

மறுபடி இறக்கி, 180 பாகை திருப்பிக் கோத்தோம். அதிர்வு பெரும்பாலும் போனது, 95-க்கு மேல் லேசாக மிச்சம். முன்பு எந்தப் பல்லில் இருந்ததோ அதைத் திரும்பக் கண்டுபிடிக்க வழியில்லை. மாதவரத்தில் லாரி ஷாஃப்ட் பேலன்ஸ் செய்யும் இடத்துக்குக் கொண்டுபோய் முழு ஷாஃப்டையும் சுற்றவிட்டு எடைச்சமன் செய்தோம். அந்தச் செலவை உரிமையாளரிடம் வாங்கவில்லை, என்ன நடந்தது என்பதை மட்டும் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, ‘சரி, இப்ப குறியை எதுல வச்சீங்க?’ என்றார். இரும்பில் குழி போடும் பஞ்ச் கருவியால் இரண்டு புள்ளி குத்தியிருப்பதைக் காட்டினேன்.

மொத்தம் அவருக்கு ஆனது 16,200 ரூபாய். கிரவுன் பினியன் இன்றும் பழையதுதான்.

பிறகு

வண்டியைக் கொடுத்த அன்று கணவன் மனைவி இருவரையும் உட்காரவைத்து மீஞ்சூர் வரை போய் வந்தேன். அவர் ஓட்ட, நான் பக்கத்தில், அம்மா தன் வழக்கமான இடத்தில். ‘இப்ப கால் சும்மா இருக்கு’ என்றார். அதை நோட்டில் எழுதினேன்.

செப்டம்பரில் சர்வீசுக்கு வந்தபோது 5,200 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இந்த வண்டிக்கு அது அதிகம்தான், மகள் வீட்டுக்கு அடிக்கடி போகிறார்களாம். பதிவு எடுத்துப் பார்த்தோம், 134-ல் ஒன்றும் இல்லை. டயர்களின் சாய்ந்த தேய்வு மட்டும் இன்னும் மெல்லிய இரைச்சல் தருகிறது. வீல் அலைன்மென்ட் சரிசெய்தாயிற்று, டயர் மாற்றும்போது அது போகும்.

இப்போது மாற்றிக்கொண்டவை

சத்தம் என்று வரும் வண்டியில் யார் யார் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டு, அவர்கள் ஒவ்வொருவர் சொல்வதையும் எழுதுகிறோம். ஓட்டுபவர் சொல்வதை மட்டும் வாங்குவதில்லை. முதல் ஓட்டத்திலேயே பதிவு எடுத்துவிடுகிறோம், எதையும் தொடுவதற்கு முன்னால். பெயிண்ட் குறியை நம்புவதில்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு நாங்கள் வைத்திருந்த வேலைப் பட்டியலில் ஆயில், பிரேக், வயரிங், ஏர் ஃபில்டர் இருந்தன, சென்டர் பேரிங் இல்லை. இப்போது சேர்த்திருக்கிறோம். கதவின் அடிவிளிம்பு வரை தண்ணீர் ஏறிய பின்சக்கர இழுவை வண்டி என்றால் ஷாஃப்டை இறக்கிப் பேரிங்கைக் கையில் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுவது. செலவு கூடும், அதை உரிமையாளரிடம் காரணத்தோடு சொல்கிறோம்.

பழைய நோட்டைப் புரட்டி, 2023 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் வெள்ள வேலைக்கு எங்களிடம் வந்த வண்டிகளைப் பார்த்தோம். இப்படி நடு ஷாஃப்ட் உள்ளவை ஐந்து. எல்லோருக்கும் ஃபோன் செய்தோம். ஒன்று விற்றாகிவிட்டது. மூன்றில் சத்தம் எதுவும் இல்லை என்றார்கள், இருந்தாலும் அடுத்த சர்வீசில் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறோம். கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருவர் மட்டும், ஐம்பதில் ஏதோ வண்டு பறப்பது போல இருக்கிறது, டயர் என்று நினைத்திருந்தேன் என்றார். அடுத்த ஞாயிறு காலை ஐந்தரைக்கு அந்த வண்டியை மீஞ்சூர் பக்கம் கொண்டுபோகிறோம்.